சொல்லாமல் விற்பது

2024 அக்டோபர் நடுவில் பெருமழை எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரங்களில் கார்கள் வரிசைகட்டி நின்றன. வீட்டு வாசலில் விட்டால் மூழ்கிவிடும் என்று அஞ்சியவர்கள் பாலத்தில் ஏற்றிவிட்டுப் போனார்கள். அந்த அச்சம் காரணமில்லாமல் வந்ததல்ல. 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கிய மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் நீருக்குள் போயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அதே பகுதிகளோடு வேளச்சேரியையும் பள்ளிக்கரணையையும் சேர்த்து மூழ்கடித்தது.

பாலத்தில் ஏறிய கார்களின் படங்களை எல்லாரும் பார்த்தார்கள். 2015-லும் 2023-லும் ஏற இடமில்லாமல் ஸ்டியரிங் உயரத்துக்கு நீரில் நின்ற கார்கள் பிறகு என்ன ஆயின என்று யாரும் கேட்கவில்லை. எல்லாம் உடைப்புக்குப் போய்விடவில்லை. பழுது பார்த்து, சீட் உறை மாற்றி, பாலிஷ் போட்டு, கைமாறி ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள் ஏராளம். வாங்கியவருக்கு அது தெரியாது. விற்றவருக்குத் தெரியும். இடையில் கைவைத்த டீலருக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

தன் வண்டியின் குறையை அறிந்தவர், எதிராளி கேட்காத வரை சொல்ல வேண்டியதில்லை என்று வாய்மூடி விற்கலாமா? பழுது பார்த்த டீலர் தனக்குத் தெரிந்த உண்மையை உரிமையாளரிடம் மறைக்கலாமா? இரண்டும் கூடாது. சொல்லாமல் விற்பது களவுதான். பூட்டை உடைத்து எடுக்காமல் கையெழுத்து வாங்கி எடுக்கிறார்கள் என்பதொன்றே வேறுபாடு.

நீர் காருக்குள் செய்யும் வேலை தெரிந்தால் இந்த மௌனத்தின் கனம் விளங்கும். காற்று புகும் வழியாக நீர் எஞ்சினுக்குள் போயிருக்கும்போது சாவியைத் திருப்பினால், காற்றைப்போல நீர் அமுங்கிக் கொடுக்காததால் உள்ளே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அது செலவு பிடிக்கும் பழுது, ஆனால் கண்ணுக்குத் தெரியும் பழுது. பாகத்தை மாற்றினால் தீர்ந்தது. கொடியது வேறு. தரை விரிப்புக்கு அடியில் ஓடும் வயரிங் ஹார்னஸின் இணைப்புகளில் சேறு தங்கி, மாதக்கணக்கில் மெல்ல அரிக்கும். பல மாடல்களில் ஏர்பேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி கியர் கம்பிக்குக் கீழே தரையை ஒட்டித்தான் இருக்கிறது. இப்படி நனைந்த வண்டி ஒரு நாள் இரும்புலியூர் மேம்பாலத்தில் பின்னால் லாரி வர நின்றுபோகும்; மறுநாள் முதல் சாவியிலேயே ஸ்டார்ட் ஆகி நிற்கும். விபத்து நேர்ந்தால் ஏர்பேக் விரியுமா என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை ஜி.எஸ்.டி. சாலையின் இரு பக்கமும் ஷோரூம்களும் சர்வீஸ் சென்டர்களும் நிறைந்திருக்கின்றன. இப்படிப்பட்ட வண்டி அங்கே போனால் நடப்பதைக் கார் வைத்திருப்பவர்கள் அறிவார்கள். காலையில் சர்வீஸ் அட்வைசர் ஜாப் கார்டில் 'ஓடும்போது ஆஃப் ஆகிறது' என்று எழுதிக்கொள்கிறார். மாலையில், "செக் பண்ணிட்டோம் சார், ஸ்கேன்ல ஒண்ணும் காட்டல, ட்ரையல் போனோம், நல்லாதான் இருக்கு" என்கிறார். வாட்டர் வாஷுக்கும் சோதனைக்கும் பில் வருகிறது. அடுத்த முறை ஃபியூயல் பம்ப்பை மாற்றுகிறார்கள். அதற்கடுத்த முறை ஏதோ ஒரு சென்சார். எது குறை என்று தெரியாமல் பாகம் பாகமாக மாற்றிப் பார்க்கும் அந்தப் பரிசோதனைக்கு ஒவ்வொரு முறையும் பணம் கட்டுபவர் உரிமையாளர். கடைசியில் ஒரு நாள் அட்வைசர் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்: "இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க சார். எக்ஸ்சேஞ்சுல விட்டுடுங்க."

அறம் முறிவது அந்தத் தாழ்ந்த குரலில்தான். வண்டி தேறாது என்பது அட்வைசருக்குத் தெரிந்துவிட்டது, அதை உரிமையாளருக்கும் சொல்லிவிட்டார். ஜாப் கார்டில் மட்டும் அது ஏறவில்லை. எக்ஸ்சேஞ்சில் வாங்கும் அதே டீலரின் பழைய கார் பிரிவு, அடுத்த மாதம் அதைப் பளபளவென்று நிறுத்தி, கூடுவாஞ்சேரியிலோ ஊரப்பாக்கத்திலோ வீட்டுக்கடனும் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு குடும்பத்துக்கு விற்கும். குறை தீரவில்லை, ஏமாளியின் முகவரி மட்டும் மாறியிருக்கிறது.

இதை வணிகச் சாமர்த்தியம் என்பவர்கள் தமிழ் மரபில் துணை தேட முடியாது. பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் காவிரிப்பூம்பட்டின வணிகர்கள் பழிக்கு அஞ்சி உண்மை பேசுகிறவர்கள். தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒன்றாக மதித்து, வாங்கும்போது மிகுதியாக எடுக்காமலும் கொடுக்கும்போது குறைக்காமலும் விற்கிறவர்கள். கடல் கடந்து வாணிகம் நடத்திய ஒரு துறைமுகத்தின் பெருமையாகப் புலவர் எடுத்துச் சொல்வது இந்த நேர்மையை. வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தை வணிகரை நோக்கிய குறளோடு முடிக்கிறார்: பிறர் பொருளையும் தனதாகவே எண்ணிக் காப்பதுதான் வணிகனின் வணிகம் என்பது அதன் கருத்து. கள்ளாமை அதிகாரத்திலோ, பிறர் பொருளை வஞ்சித்துக் கவரலாம் என்று மனத்தால் நினைப்பதே தீது என்கிறார். வஞ்சனையால் சேர்த்த பொருளைச் சுடாத மண்பானையில் ஊற்றிவைத்த நீருக்கு ஒப்பிட்டவரும் அவர்தான்.

சிலப்பதிகாரத்தையும் இந்தக் கோணத்தில் படிக்க வேண்டும். கோவலன் சிலம்பை எடுத்துக்கொண்டு பொற்கொல்லனிடம் போனது ஏன்? பொருளை எடைபோடத் தெரிந்தவன் அவன்தான் என்ற நம்பிக்கையால். அரசியின் சிலம்பு எங்கே போனது என்று அறிந்தவனும் அவன் ஒருவனே. அறிந்தவன் மறைத்தான், அறியாதவன் மாண்டான், ஒரு நகரம் எரிந்தது. தொழில் தெரிந்தவனை நம்பித்தான் தெரியாதவன் பொருளைக் கொடுக்கிறான். அந்த அறிவைத் தனக்கு ஆதாயமாகவும் அவனுக்குக் கேடாகவும் திருப்புவதை எந்த லாபக் கணக்கும் நியாயப்படுத்தாது.

மற்ற நாகரிகங்களும் இதையே சொல்லின. கௌடில்யர் அர்த்தசாஸ்திரத்தின் நான்காம் புத்தகத்தைத் தொடங்குவதே கைவினைஞர்களிடமிருந்து மக்களைக் காப்பது பற்றிய அத்தியாயத்தோடுதான். துவைக்கக் கொடுத்த துணியை விற்றாலோ வாடகைக்கு விட்டாலோ சலவைக்காரருக்கு 12 பணம் தண்டம் என்று அதில் இருக்கிறது. ஏறக்குறைய 3,750 ஆண்டுகளுக்கு முந்திய பாபிலோனிய மன்னன் ஹம்முராபியின் சட்டத் தொகுப்பில், படகைச் சரியாக அடைக்காமல் கொடுத்து அந்த ஆண்டுக்குள் அது பழுதானால், படகுத் தச்சன் தன் செலவிலேயே பிரித்து உறுதியாகக் கட்டித் தர வேண்டும் என்று ஒரு பிரிவு உண்டு. பாகத்துக்குப் பாகம் பில் போடும் இன்றைய சர்வீஸ் சென்டர்கள் அதைப் படித்துப் பார்க்கலாம். நபிகள் நாயகம் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த வரலாறு ஹதீஸ் தொகுப்புகளில் வருகிறது. மேலே உலர்ந்த தானியம், உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்று விற்பவர் காரணம் சொன்னபோது, ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்றார். மழையில் நனைந்தது விற்பவரின் குற்றமாகக் கொள்ளப்படவில்லை, மறைத்ததுதான் குற்றம். முடிச்சூரில் மூழ்கிய வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான தீர்ப்பு வேண்டுமா?

இந்திய ஒப்பந்தச் சட்டம் மட்டும் இங்கே மௌனத்தின் பக்கம் சாய்கிறது. 1872-ல் இயற்றப்பட்ட அந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு மோசடி எதுவென்று விளக்கும்போது ஒரு குதிரையை எடுத்துக்காட்டாகக் கொண்டுவருகிறது. குதிரைக்குக் குறை உண்டென்று தெரிந்தும் சொல்லாமல் ஒருவர் அதை ஏலத்தில் விற்கிறார். அது மோசடி ஆகாது என்கிறது சட்டம். வாங்குபவர் அப்போதுதான் வயதுக்கு வந்த தன் மகளாக இருந்தால் மட்டும் சொல்ல வேண்டிய கடமை உண்டாம். மகளுக்குச் சொல்ல வேண்டியதை அயலான் மகளுக்குச் சொல்லாமல் விடலாம் என்பது சட்டத்தின் கணக்காக இருக்கலாம். அறத்தின் கணக்கு அதுவல்ல. இதே வழக்கை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமானிய அறிஞர் சிசரோ கடமைகள் பற்றிய தம் நூலில் விசாரித்தார். பஞ்சம் பிடித்த ரோட்ஸ் தீவுக்குத் தானியக் கப்பலோடு முதலில் வந்த வணிகன், பின்னால் வேறு கப்பல்கள் வருவதைச் சொல்ல வேண்டுமா? சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு என்றார் டயோஜெனிஸ் என்ற தத்துவஞானி. வாங்குபவர் அறிய வேண்டிய எதையும் ஒளிக்கக் கூடாது என்றார் அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர். சிசரோ மாணவரின் பக்கமே நின்றார்.

மறுதரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. மேடவாக்கத்தில் கடன் வாங்கிப் பழைய கார் வியாபாரம் செய்பவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சர்வீஸ் அட்வைசர் மாத டார்கெட்டின் கீழ் நசுங்குகிறார். தன் வண்டி மூழ்கியதற்கு உரிமையாளரும் பொறுப்பல்லர், அந்த நட்டத்தை அவர் ஏன் தனியாகச் சுமக்க வேண்டும் என்று கேட்கலாம். கேட்கட்டும். ஆனால் வள்ளுவர் வினைத்தூய்மையில் இதற்கு இடமே வைக்கவில்லை: பெற்ற தாய் பசித்திருப்பதைக் காண நேர்ந்தாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்கிறார். டார்கெட் தாயின் பசியைவிடப் பெரிதா?

உண்மையைச் சொன்னால் வண்டி விற்காது என்ற பயமும் முழு உண்மையல்ல. 2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப் போவதாக அறிவித்தது. அதன் மறைமலை நகர் ஆலை அடுத்த ஆண்டு மூடப்பட்டது. உதிரிப்பாகம் தொடர்ந்து கிடைக்குமா என்ற ஐயம் ஊரறிந்த ரகசியமாக இருந்தும், தென்சென்னையில் ஃபோர்டு கார்கள் கைமாறிக்கொண்டுதான் இருந்தன. வாங்கியவர்கள் விலையைக் குறைத்துக் கேட்டார்கள், தெரிந்தே வாங்கினார்கள். குறை தெரிந்தால் விலை குறையும். அந்தக் குறைந்த விலைதான் வண்டியின் உண்மையான விலை. மேலே கிடைப்பது அத்தனையும் வாங்குபவரின் அறியாமைக்கு வாங்கப்படும் பணம்.

டீலர்களின் மௌனத்துக்குப் பின்னால் கார் நிறுவனங்களின் மௌனமும் இருக்கிறது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அசல் உதிரிப்பாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்க விடாமலும், பழுது கண்டறியும் கருவிகளையும் தொழில்நுட்பக் கையேடுகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமலும் வைத்திருந்தன என்பது குற்றச்சாட்டு. டொயோட்டா, ஃபோர்டு, நிஸான் செய்த மேல்முறையீட்டில் 2016 டிசம்பரில் தீர்ப்பாயம் ஆணையத்தின் முடிவை ஏற்று, அபராதக் கணக்கை மட்டும் மாற்றியது. ஃபோர்டின் மறைமலை நகரும் நிஸான் கார்கள் தயாரான ஒரகடமும் தாம்பரத்திலிருந்து எட்டும் தூரம். எஞ்சினின் மொழியைப் படிக்கும் கருவியை ஒருவரே பூட்டி வைத்துக்கொண்டால், அவர் சொல்வதுதான் நோய், அவர் கேட்பதுதான் கூலி. இரண்டாவது மருத்துவரிடம் போகும் உரிமைகூட இல்லாதவரிடம் உண்மையை மறைப்பது இரட்டைக் கொடுமை.

புதிய வண்டி தொடர்ந்து பழுதானாலும் காரையே மாற்றித் தர வேண்டியதில்லை, வாரண்டிப்படி குறையுள்ள பாகத்தைச் சரிசெய்தோ மாற்றியோ தந்தால் போதும் என்று மாருதி வழக்கொன்றில் 2006-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. அப்படியானால் எந்தப் பாகம் குறையுள்ளது என்ற உண்மை வெளிவருவது இன்னும் முக்கியமாகிறது. அதை எழுதும் பேனா டீலரின் கையில் இருக்கிறது. நல்லவேளையாக 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இந்த இடத்தில் 1872-ஐவிட ஒரு படி மேலே ஏறியிருக்கிறது. நுகர்வோருக்குத் தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் அது சேவைக் குறைபாடாகவே கருதுகிறது. செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் படியேறுபவர்கள் கையில் ஜாப் கார்டுகளின் நகல் அத்தனையும் இருக்க வேண்டும். 'குறை எதுவும் காணப்படவில்லை' என்று எழுதித் தந்தால், அந்த வரிக்குக் கீழே 'அதே பழுது மீண்டும் வந்தது' என்று தேதியோடு எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். வாயால் தாழ்ந்த குரலில் சொன்னதைக் காகிதத்தில் ஏற்ற மறுக்கும் டீலரிடம் வண்டியை விட்டுவிட்டு வரக் கூடாது.

தனிமனிதர் தனிமனிதருக்கு விற்கும் வண்டிக்கு அந்தச் சட்டத்தின் துணை இல்லை. தாம்பரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்குக் கொடுக்கும் 29, 30-ஆம் படிவங்களில் வண்டி வெள்ளத்தில் நின்றதா என்று கேட்கும் கட்டம் கிடையாது. அரசு அதைச் சேர்க்க வேண்டும். ஒரு வரி அச்சடிப்பதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. அதுவரை வாங்குபவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக் கறை தெரிகிறதா என்று பார்க்கட்டும். சீட் தண்டவாளத்துத் துருவையும், ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தின் மூலையில் படிந்த வண்டலையும் பார்க்கட்டும். 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அதே பிரிவில் இன்னொரு குதிரையும் உண்டு: நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருப்பதாகவே கொள்வேன் என்று வாங்குபவர் சொல்லி, விற்பவர் பேசாமல் இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் வாட்ஸ்அப்பில் இப்படி எழுதி அனுப்ப வேண்டும்: 'இந்த வண்டி வெள்ளத்தில் நின்றதில்லை, ஓடும்போது நின்றதில்லை, நீங்கள் மறுக்காவிட்டால் அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.' பதில் வந்த பிறகு, அல்லது பதில் வராமலே போன பிறகு, அந்தத் திரையைப் படமெடுத்துப் படிவங்களின் நகலோடு வைத்துக்கொள்ள வேண்டும்.