பால் விடும் நேரம்

மே மாதம் தென்மேல் காற்று பிடித்தால் கற்பிட்டியின் கடல்பக்கப் படகுகள் மணலில் ஏறிவிடும். செப்டெம்பர் வரை கடல் இடைக்கிடைதான் வழிவிடும். மறுபக்கத்துக் களப்பு அந்த மாதங்களிலும் கொஞ்சம் இறால், கொஞ்சம் நண்டு, சின்ன மீன் என்று தரும். ஆனால் ஊர் முழுவதற்கும் அது காணாது. அப்போதுதான் எங்கள் குசினிக்குள் கோழி அடிக்கடி வரத் தொடங்கும். பல ஊர்களில் கோழி விருந்துச் சாப்பாடு. எங்களுக்கு அது காற்றுக்காலத்து இராச்சாப்பாடு.

மீன் அதிகம் கேட்காது. ஒரு கத்தி, ஒரு மண்சட்டி, கொஞ்சம் புளி, நாலு பச்சைக் கொச்சிக்காய் இருந்தால் குழம்பு, எங்கள் பேச்சில் ஆணம், கால் மணித்தியாலத்தில் இறங்கிவிடும். கோழிக்கு அது போதாது. அரைக்க வேண்டும், வறுக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தேங்காய்ப் பால் பிழிய வேண்டும். எங்கள் வீட்டுக்கு மின்சாரச் சாமான்கள் வந்து சேர்ந்த வழியைப் பார்த்தால், கோழியும் தேங்காயும்தான் அவற்றைக் கூட்டி வந்திருக்கின்றன. இரண்டுமே இந்த மண்ணுக்குரியவை. புத்தளம், குருநாகல், கம்பஹா மூன்றும் சேர்ந்ததுதான் தெங்கு முக்கோணம். 1929இல் தொடங்கிய தெங்கு ஆராய்ச்சி நிலையம் எங்கள் புத்தளம் மாவட்டத்து லுணுவிலையில் இருக்கிறது. கோழி வளர்ப்பிலும் வடமேல் மாகாணம் நாட்டுக்கு முன்னால் நிற்கிறது. தென்னந்தோட்டங்களுக்குள் நீளமான கோழிக்கூடுகளைப் பார்க்கலாம். இறைச்சிக் கோழி ஏறக்குறைய ஆறு வாரத்தில் கடைக்கு வந்துவிடுகிறது.

*

உம்மாவின் திருவலை இன்னும் இருக்கிறது. தாழ்வான பலகை, முன்னால் வளைந்து நீளும் இரும்பு, அதன் நுனியில் வட்டமாகப் பற்கள். பலகையில் ஒருக்களித்துக் குந்தி, பாதித் தேங்காயை இரு கைக்குள்ளும் வைத்து, ஓரத்திலிருந்து நடுவுக்குச் சுழற்றிச் சுழற்றித் திருவ வேண்டும். வெள்ளை தீரப்போகும்போது ஓசை மாறும். ஈரச் சத்தம் போய்க் காய்ந்த உராய்வு கேட்கும். அந்த இடத்தில் நிறுத்தாவிட்டால் சிரட்டையை ஒட்டிய பழுப்புத் தோலும் சேர்ந்து வந்து பாலின் நிறம் மங்கிவிடும். உம்மா பார்க்காமலே நிறுத்துவார். அசர், மஃரிபு தொழுகைகளுக்கு நடுவில் இருந்த அவருடைய நேரம் இதிலேயே போனது. திருவ வேண்டும், வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிசைய வேண்டும், முதற்பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று வேறு வேறாகப் பிழிந்து வைக்க வேண்டும். இரவில் வலது தோளுக்கு எண்ணெய் பூசிக்கொள்வார்.

சாச்சி குவைத்தில் வேலை செய்து திரும்பியபோது ஒரு பிளெண்டர் கொண்டுவந்தார். இந்தக் கரையிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்கள் ஏராளம். அடுத்தவர் குசினியில் வருடக்கணக்கில் நின்று அந்த இயந்திரங்களைப் பழகி, பிறகு அவற்றில் ஒன்றைப் பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். எங்கள் ஊர் அடுப்படிகளின் வரலாற்றை யாராவது எழுதினால் அந்தப் பெட்டிகளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தேங்காயைக் கீறி எடுத்து, தோல் சீவி, சிறு துண்டாக்கி, இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு ஓடவிட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் அரைபட்டுவிடும். தேங்காய்க் கொழுப்பு 24 பாகை செல்சியஸ் அளவில் உருகிவிடும். தண்ணீர் அதைவிடச் சூடாக இருந்தால் அரைபட்ட தேங்காயிலிருந்து பால் இலகுவாக இறங்கும். கொதிநீர் மட்டும் வேண்டாம், ஆவி மூடியைத் தள்ளிவிடும். துணியில் வடித்தெடுத்தால் முதற்பால். சக்கையைத் திரும்ப அரைத்தால் இரண்டாம் பால்.

உம்மா அந்தப் பாலை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. திருவலையைக் கழுவிச் சுவரில் சாய்த்தார். மஃரிபுக்கு முன் மிஞ்சிய நேரத்தில் குர்ஆனை விரித்து உட்கார்ந்தார். ஓர் இயந்திரத்துக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

*

சமையலில் இரண்டு விதமான நேரம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஒன்று உடம்பைத் தேய்க்கும் நேரம்: திருவுதல், இடித்தல், அரைத்தல், புகைக்குள் குனிந்து ஊதுதல். மற்றது சட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்க்கும் நேரம். முதலாவதை எந்த இயந்திரம் எடுத்துக்கொண்டாலும் சந்தோஷம். இரண்டாவது நேரம் எனக்கு வேண்டும். அதை யாருக்கும் கொடுக்க மனமில்லை.

கோழியில் அந்த நேரம் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல, எங்கள் வீட்டு ஆணத்தையே எழுதிவிடுகிறேன்.

கழுவி வெட்டிய கோழியில் உப்பும் மஞ்சளும் தடவி அரை மணித்தியாலம் வைக்க வேண்டும். உப்பு முதலில் இறைச்சியின் நீரை வெளியே இழுக்கும். பிறகு அந்த நீரிலேயே கரைந்து உள்ளே போகும். தசை தளர்ந்து, வேகும்போது ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். அந்த உப்பு பாலாவிப் பக்கத்து உப்பளங்களில் விளைவது. பருவம் தப்பிய மழையால் விளைச்சல் கெட்டு 2025இல் நாடு இந்தியாவிலிருந்து உப்பு இறக்க நேர்ந்தபோது, பாத்திகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது பெரிய துக்கமாக இருந்தது.

எண்ணெயில் கறுவா, ஏலம், ரம்பை, கறிவேப்பிலை. பிறகு கற்பிட்டி மணலில் விளைந்த சின்ன வெங்காயம், நிறைய. அது பொன்னிறமானதும் இஞ்சி, உள்ளி, தூள் வகைகள். தூள் வாசம் மாறும்போது கோழி. கால், தொடைத் துண்டுகளை முதலில் போட்டு, நெஞ்சுத் துண்டுகளைப் பத்து நிமிடம் கழித்துப் போடுவது நல்லது. 74 பாகையில் கோழி பாதுகாப்பாக வெந்துவிடும். ஆனால் தொடையில் உள்ள சவ்வு இளக இன்னும் சூடும் நேரமும் வேண்டும். நெஞ்சுக்கோ அந்தச் சூடு ஆகாது, காய்ந்துவிடும். இரண்டாம் பால் விட்டு மூடி, நடுத்தர நெருப்பில் விட்டுவிடலாம். இதுவரை உள்ளே வெளியே போய்வரலாம், பிள்ளையின் பாடத்தைப் பார்க்கலாம்.

முதற்பால் விட்ட பிறகு நகரக் கூடாது. தேங்காய்ப் பால் என்பது கொழுப்புத் துளிகளைப் புரதம் போர்த்தி நீரில் மிதக்க வைத்திருக்கும் ஓர் ஏற்பாடு. கொதி மிஞ்சினால் புரதம் திரண்டு கொழுப்பைக் கைவிடும், பால் திரைந்து எண்ணெய் மேலே நிற்கும். நெருப்பைத் தணித்து, சிரட்டை அகப்பையால் அடியிலிருந்து மெதுவாகக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரத்தில் சிறு குமிழி ஒன்றிரண்டு எழும்போது ஆணத்தின் நிறம் சிவப்பிலிருந்து செங்காவிக்கு இறங்கும், வாசத்தில் இருந்த காரம் உட்காரும். அந்த நொடியில் இறக்க வேண்டும். மண்சட்டி இறக்கிய பின்னும் கொஞ்ச நேரம் கொதிக்கும், அதையும் நினைத்துக்கொண்டு. தேசிக்காய் பிழிவதானால் அதற்கும் பிறகுதான், புளிப்பும் பாலைத் திரைய வைக்கும்.

மூன்று நான்கு நிமிடம்தான். நாள் முழுக்க ஓடியவளுக்கு, ஒன்றையே பார்த்து நிற்க அனுமதி கிடைக்கும் மூன்று நான்கு நிமிடம்.

*

ரைஸ் குக்கருக்கு என் மரியாதை பெரியது. 1955இல் ஜப்பானில் தோஷிபா அதை விற்கத் தொடங்கியது. வடிவமைத்தவர் யோஷிததா மினாமி என்ற சிறு தொழிற்சாலைக்காரர். சோற்றை வெவ்வேறு நாளில், வெவ்வேறு குளிரில், வெவ்வேறு அளவில் வைத்து வைத்துச் சோதித்தவர் அவருடைய மனைவி ஃபுமிகோ. இன்று உலகம் முழுக்கப் பெண்கள் அடுப்பை விட்டு எழுந்து போக முடிவது, ஒரு பெண் அடுப்புக்குப் பக்கத்தில் விடாமல் நின்றதால்.

இப்போதைய சாதாரண குக்கரின் அடியில் ஒரு சிறு காந்தம் இருக்கிறது. பானைக்குள் தண்ணீர் உள்ளவரை சூடு 100 பாகையைத் தாண்டாது. தண்ணீரை அரிசி குடித்து முடித்ததும் அடி சட்டென்று சூடேறும், காந்தம் தன் பிடியை இழக்கும், வில் விடுபட்டு ‘டக்’ என்று குமிழ் மேலே வரும். களைத்த இரவுகளில் கோழியையும் சம்பா அரிசியையும் ஒன்றாக இதில் போட்டுவிடலாம். வெங்காயமும் கோழியும் முதலில் தாச்சியில் ஒரு பிரட்டு, பிறகு எல்லாமே குக்கருக்குள். ஆனால் முதற்பாலை இதில் விட்டால் அது அடியில் பிடிக்கும், அடி முந்திச் சூடாகும், சோறு வேகும் முன்பே குமிழ் எழும்பிவிடும். இரண்டாம் பாலோடு நிறுத்தி, குமிழ் எழும்பிய பிறகு முதற்பாலைத் தெளித்து மூடிவைத்தால் சரி.

ஊர்க்கோழிக்கு பிரஷர் குக்கர். வயதான கோழியின் சவ்வு சாதாரண கொதியில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிவாதம் பிடிக்கும். அழுத்தத்தில் தண்ணீர் 120 பாகை அளவுக்கு ஏறும்போது இளகிவிடும். இதை முதலில் செய்து காட்டிய தெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் 1679இலேயே, எலும்பையும் மெதுவாக்கும் பானை என்றுதான் அதை அறிமுகப்படுத்தினார். பாலை மட்டும் அதற்குள் அடைக்கக் கூடாது. மூடியைத் திறந்து, சட்டிக்கு மாற்றி, அங்கே பால் விட வேண்டும்.

ஏர் ஃப்ரையர் என் தம்பி மகனுடைய ஆசை. பிலிப்ஸ் 2010இல் கொண்டுவந்தது, சூட்டுக் காற்றை விசிறியால் சுழற்றும் சிறு ஓவன் அது. கொச்சிக்காய்த்தூள், உப்பு, தயிர் தடவிய கோழிக்கால் இருபத்தைந்து நிமிடத்தில் மொறுமொறுவென்று வரும், எண்ணெய் மிச்சம். பிள்ளை தானே செய்து எல்லோருக்கும் பரிமாறுகிறான். ஓர் ஆண்பிள்ளையை அடுப்படிக்குக் கூட்டிவந்த சாமானைக் குறை சொல்ல மாட்டேன்.

*

மாம்புரிப் பக்கம் போகும்போது காற்றாலைகள் தெரியும். படகுகளைக் கரையில் ஏற்றி வைக்கும் அதே காற்றுதான் அவற்றைச் சுழற்றுகிறது. மீன் இல்லாமல் செய்து, கோழி ஆணத்துக்குப் பால் அரைக்க மின்சாரம் தருகிறது என்று அந்த வழியில் போகும்போது நினைத்துக்கொள்வேன். இன்னும் கொஞ்சம் போனால் நுரைச்சோலை. லக்விஜய அனல் மின் நிலையம், 900 மெகாவாட், 2011இல் முதல் பகுதி தொடங்கியது. அதற்கு வரும் நிலக்கரிக் கப்பல்களும் எங்கள் படகுகள் போலத்தான், காற்றுக்காலத்தில் கரையை அண்ட முடியாது. முன்கூட்டியே இறக்கிக் குவித்துவைக்கிறார்கள். அந்தக் குவியலிலிருந்து காற்றில் வரும் தூசு வீட்டுக்குள் படிகிறது என்று சுற்றியுள்ள மக்கள் பல வருடங்களாக முறையிட்டு வருகிறார்கள். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை மின்சாரத்துக்கு உச்ச நேரம். நாடு முழுக்க இராச்சோறு சமைக்கும் நேரமும் அதுதான். கொழும்பில் ஒரு வீட்டில் குக்கரின் குமிழை அழுத்தும்போது நுரைச்சோலையில் ஒரு வீட்டுத் திண்ணையில் தூசு விழுகிறது. இலகுவாகச் சமைக்கிறோம் என்று சொல்லும் நாங்கள் எல்லோரும் அந்தத் திண்ணைக்குக் கடன்பட்டவர்கள்.

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நீண்டது. ஏப்ரலில் 12.5 கிலோ லிட்ரோ காஸ் சிலிண்டர் 4,860 ரூபாய்க்குப் போனது, அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. பிளெண்டரும் குக்கரும் மூலையில் கிடந்தன. சுவரில் சாய்ந்திருந்த திருவலை இறங்கி வந்தது. பொச்சுமட்டையும் சிரட்டையும் ஓலையும் இருந்ததால் எங்கள் பக்கத்தில் அடுப்பு அணையவில்லை. நகரத்தில் தொடர்மாடியில் இருந்த சொந்தக்காரர்களை நினைத்து அந்த நாட்களில் வயிறு எரியும். என்றாலும் பழைய அடுப்பு திரும்பி வந்ததை நான் கொண்டாடவில்லை. உம்மாவின் தோளும் திரும்பி வலிக்கத் தொடங்கியது.

*

பக்கத்து வீட்டு மாமி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது வந்து, முகாமில் இருந்து, இங்கேயே வீடு கட்டியவர். புறப்படக் கிடைத்தது சில மணித்தியாலங்கள்தான். அம்மி, உரல், திருவலை ஒன்றையும் தூக்கி வர முடியவில்லை. முகாமில் முதல் மாதங்களில் பல குடும்பத்துக்கு ஒரே அடுப்பு, கடன் வாங்கிய சட்டி. ஆனால் கறித்தூளை எப்படி வறுக்க வேண்டும் என்பதைக் கூடவே கொண்டுவந்தார். மல்லியைக் கருகும் எல்லை வரை கொண்டுபோய், அதற்கு ஒரு மூச்சு முன்னால் இறக்குவார். புத்தளத்து ஆணத்தைவிட அவருடைய கோழிக்கறி கறுப்பு, காரம் கூட. என் பிள்ளைகளுக்கு இரண்டும் வீட்டுச் சாப்பாடுதான்.

அவரிடம் இப்போது நல்ல கிரைண்டர் இருக்கிறது, மகன் வாங்கிக் கொடுத்தது. தூளை அதில்தான் அரைக்கிறார். “வறுக்கிறத மட்டும் ஒருத்தருக்கும் விட மாட்டன் மகள்,” என்பார். எனக்குப் பால் எதுவோ, அவருக்கு வறுவல் அது.

சாச்சியின் மகள் இப்போது தோஹாவில். வெள்ளி இரவுகளில் வீடியோவில் அழைத்து, கைப்பேசியை அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டுச் சமைப்பாள். அங்கே தகரப் பேணியில் வரும் தேங்காய்ப் பால். அதில் திரையாமலிருக்க ஏதோ சேர்த்திருப்பதால் நன்றாகவே கொதி தாங்கும். “அப்ப நிக்கத் தேவையில்லையே,” என்றாள் போன கிழமை. பால் அப்படியே இருக்கும், ஆனால் நெஞ்சுத் துண்டு காய்ந்துவிடும், உப்பு போதுமா என்று பார்க்கவும் அந்த நேரம்தான் சரி, நெருப்பைக் குறைத்துவிட்டு நில்லு புள்ள என்றேன். அகப்பையை எடுத்தாள். உப்புக் காணாது என்று அவளே கண்டுபிடித்தாள்.