ஓர் உயிர், ஒரு பொற்காசு

ஓர் உயிருக்கு என்ன விலை? இந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டது சமய வகுப்பு இல்லை, ஒரு வீடியோ கேம். சிரிக்காதீங்க, சொல்றேன்.

மாமா வீட்டில் ஒரு பழைய சூப்பர் நிண்டெண்டோ இருந்தது. செலாயாங்கில் பள்ளி விடுமுறை என்றால் எனக்கு அதுதான் வேலை. நான் விரும்பி விளையாடியது ‘சோல் பிளேசர்’. ஜப்பானின் குவின்டெட் நிறுவனம் உருவாக்கி, எனிக்ஸ் 1992-இல் வெளியிட்ட கேம். மாக்ரிட் என்ற அரசன் பொன்னாசையில் டெத்டோல் என்ற தீய சக்தியோடு ஒப்பந்தம் போடுகிறான்: ஓர் உயிருக்கு ஒரு பொற்காசு. நாட்டிலுள்ள உயிர்கள் எல்லாம் விலை போய்விடுகின்றன. நாம் வாளோடு இறங்கி, அரக்கர்கள் வெளிவரும் குழிகளை ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும். குழி அடைபட்டால் உயிர் விடுதலையாகும்.

விடுபடுவது மனிதர் மட்டுமல்ல. ஆடு, நாய், பூச்செடிகூட. எல்லாமே நம்மோடு பேசும். சிவபுராணத்தில் மாணிக்கவாசகர் புல்லையும் புழுவையும் மனிதனையும் ஒரே பிறவி வரிசையில் வைத்தார். அதை மனப்பாடமாக ஒப்பித்த எனக்கு, கேமில் ஒரு பூச்செடி பேசியபோதுதான் அர்த்தம் உறைத்தது.

ஆனால் உறைத்தது கேமுக்குள் மட்டும்தான்.

2019 ஆண்டிறுதி விடுமுறையில் செலாயாங் பாசார் போரோங்கில், ஒரு காய்கறிக் கடையில் வேலை பார்த்தேன். அங்கே மூட்டை இறக்க மியன்மார்க்காரர் ஒருவர் இருந்தார். என்னைவிட பத்து வயதாவது மூத்தவர். தினமும் “அடேக், சூடா மாக்கான்?” என்பார். சாப்பிட்டாச்சான்னு கேட்ட அந்த மனுஷனை நான் “ஓய்” என்றுதான் கூப்பிட்டேன். கடையில் எல்லோரும் அப்படித்தான்.

2020 ஏப்ரலில், கோவிட் காரணமாகச் சந்தையைச் சுற்றியிருந்த பகுதியை முள்வேலி போட்டு அடைத்தார்கள். செய்தியில் பார்த்ததும் அவர் ஞாபகம் வந்தது. கடை முதலாளியிடம் விசாரிக்கலாம் என்று போனை எடுத்தேன். யாரென்று கேட்பது? அவர் பெயர் எனக்குத் தெரியாது. ‘மூட்டை தூக்குற அந்த ஆளு’ என்று எழுதி, அழித்துவிட்டேன்.

பூச்செடியிடம்கூட நின்று பேசியவன் நான். பிறகு ஏன் இப்படி? யோசித்தால் பதில் கசக்கிறது. கேமில் ஓர் உயிரை விடுவித்தால் ஒரு வழி திறக்கும், ஒரு பொருள் கிடைக்கும், ஒரு துப்பாவது கிடைக்கும். பாசாரில் அவரிடம் பேசினால் எனக்கு ஒன்றும் கிடைக்காது. அப்படியென்றால் நான் கேமில் காட்டியது கருணை இல்லை, கணக்கு. மாக்ரிட் போட்டதும் கணக்குதானே?

“கேம்னா அப்படித்தான் விளையாடணும்” என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். கேமில் பலனை எதிர்பார்ப்பதில் தப்பில்லை. அதே கண்ணோடு மனிதர்களையும் பார்ப்பதுதான் சிக்கல். பலன் கருதாத செயல் என்று கீதை வகுப்பில் படிக்கிறோம். அது துறவிகளுக்கான பெரிய தியாகம் என்று ஒதுக்கி வைக்கிறோம். எனக்கு இப்போது அது சின்ன விஷயத்தில் தொடங்குவதாகத் தெரிகிறது: நமக்கு எந்தப் பலனும் தராத ஒருவரிடம் பெயரைக் கேட்பது.

இன்றும் பாசாருக்குப் போகிறேன். அவரைக் காணவில்லை. மூட்டை இறக்கும் மற்றவர்களிடம் பெயர் கேட்கிறேன். சிலர் பயத்தோடு பார்க்கிறார்கள். அவர்கள் நிலைமை அப்படி.

நண்பர்களே, உங்கள் தாமானில் குப்பை அள்ளுபவர், மாமாக் கடையில் தே தாரேக் கொண்டு வைப்பவர், இவர்களில் எத்தனை பேரின் பெயர் உங்களுக்குத் தெரியும்? நாளைக்கே கேளுங்க. எந்த வழியும் திறக்காது. இருந்தாலும் கேளுங்க.