தீட்டு தோலிலா, ஆளிலா?

மேலூர்ப் பக்கம் ஒரு படத்துக்கான தீர்ப்பு டீ ஆறுவதற்குள் வந்துவிடும். “கதை சுமாருதாண்ணே, கொட்டுலதான் பிச்சுட்டாய்ங்க” என்று ஒருவர் சொல்வார். “பாட்டு வந்தப்ப ஒக்கார முடியலடா” என்பார் இன்னொருவர். ‘கர்ணன்’ (2021) போன்ற படங்களுக்குப் பிறகு திரையரங்கில் பறையும் உருமியும் அதிரும்போது விசில் பறக்கிறது. ஆனால் அதே கொட்டு ஊர்க் கோயில் திருவிழாவில் எதுவரை வரலாம், அடிப்பவர் எங்கே நிற்கலாம் என்று பேச்சு திரும்பினால் பல குரல்கள் தணிந்துவிடுகின்றன. திரையில் ரசித்த ஒலி தெருவில் எப்படித் தீட்டாகிறது? சமயம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

ராஜீவ் மேனன் இயக்கிய ‘சர்வம் தாளமயம்’ (2019) இந்தக் கேள்விக்கு நேராகவே போகிறது. மிருதங்கம் செய்கிறவரின் மகன் பீட்டர், அதை வாசிக்க ஆசைப்படுகிறான். படம் பார்த்தவர்களில் பலர் ஏ.ஆர். ரஹ்மானின் இசையைப் பற்றியும் நெடுமுடி வேணுவின் நடிப்பைப் பற்றியும் பேசினார்கள். படத்துக்கு அடியில் கிடக்கும் உண்மை இன்னும் கனமானது. பசு, ஆடு, எருமை என்று மூன்று விலங்குகளின் தோலும் சேர்ந்தால்தான் மிருதங்கம். தோலைத் தேர்ந்து, பதப்படுத்தி, வார் இழுத்துக் கட்டுபவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவக் குடும்பத்தினர். பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் தஞ்சாவூர் பர்லாந்தின் கைகள் இருந்தன. இந்தக் குடும்பங்களின் வரலாற்றை டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூலாக எழுதினார். 2020இல் அதன் வெளியீட்டு விழாவுக்கு முதலில் இடம் தந்த கலாக்ஷேத்ரா, பிறகு அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மிருதங்கம் ஏறும் மேடையில் அதைச் செய்தவர்களின் கதை ஏறுவதற்கு அத்தனை தயக்கம்.

தோல்தான் தீட்டு என்றால் மிருதங்கமும் தவிலும் சந்நிதிப் பக்கமே வந்திருக்கக் கூடாது. எச்சில்தான் தீட்டு என்றால் நாகசுரத்தின் சீவாளி வாயில் நனையாமல் பேசாது. ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் சிவாஜி கணேசனுக்காக மதுரை சகோதரர்கள் எம்.பி.என். சேதுராமனும் பொன்னுசாமியும் ஊதிய அந்த நாகசுரத்தைக் கேட்டு யாரும் எச்சிலை நினைத்ததில்லை. சாமி புறப்பாட்டில் முன்னே போவதும் அதே கருவிதான். சரி, சாவோடு சேர்ந்த ஒலி என்பதால் பறை விலக்கப்பட்டது என்பார்கள். சங்கும் சாவு வீட்டில் ஊதப்படுகிறது. கடலில் வாழ்ந்த ஓர் உயிரின் ஓடு அது. பூசை நேரத்திலும் அதையே ஊதிக் கைகூப்புகிறோம். சுடுகாடே ஆகாது என்று சொல்ல, சைவத்துக்கு வழியே இல்லை. காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டில் கண்டு பாடியது ஈமக்காட்டில் ஆடும் இறைவனை.

ஒவ்வொரு காரணமாகத் தட்டிப் பார்த்தால் கடைசியில் மிஞ்சுவது ஆள். கருவிக்கு இல்லாத தீட்டை அடிப்பவர்மேல் ஏற்றி, அவரிடமிருந்து மறுபடியும் கருவிக்கு இறக்கியிருக்கிறார்கள்.

இதற்கு எதிரான சாட்சி மரபுக்குள்ளேயே, அதுவும் மதுரைக்குள்ளேயே இருக்கிறது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் ஆலவாய்க் கோயிலின் வாசலில் நின்றே பாடினார் என்கிறது பெரியபுராணம். இறைவன் தொண்டர்களின் கனவில் வந்து அவரை உள்ளே அழைத்துவரச் சொல்கிறார். அதோடு விடவில்லை. தரையின் ஈரம் பட்டால் யாழின் நரம்பு தளரும், பலகை இடுங்கள் என்கிறார். வாசலில் நிறுத்தியவர்கள் பாணரின் குலத்தைப் பார்த்தார்கள். கடவுளின் கவலை சுருதியைப் பற்றியதாக இருந்தது. வைணவத்திலும் திருப்பாவை நோன்புக்காகப் பெண்கள் கண்ணனிடம் கேட்டுப் போவது பறையைத்தான்.

தொலைக்காட்சியில் ‘திருவிளையாடல்’ (1965) ஓடும்போதெல்லாம் மதுரைக்காரர்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். பாணபத்திரராக வரும் டி.ஆர். மகாலிங்கம் சோழவந்தான் அருகே தென்கரைக்காரர். சிவனுக்காகப் பாடிய டி.எம். சௌந்தரராஜன் மதுரையிலேயே பிறந்தவர். பாலையாவின் ஹேமநாத பாகவதர் வேடத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். ஆனால் அந்தப் படலத்தின் நடுவில் இருக்கும் செய்தி சிரிக்க வைப்பதில்லை. அரசவைக்கே சவால் விட்ட வித்துவானை ஊரைவிட்டு ஓட வைக்க இறைவன் எடுத்துவந்த உருவம், அன்றாடம் காய்ச்சியான ஒரு விறகு விற்பவன்.

புராணம் சொன்னது நடைமுறைக்கு வர நெடுங்காலம் பிடித்தது. 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் ஒருவர், மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன். ஆட்களுக்கு அன்று கதவு திறந்தது. ஒலிக்கு முழுதாகத் திறந்துவிட்டதா என்று இன்னும் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.

மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இந்தக் கேள்வியைக் கிறிஸ்தவத்தின் பக்கமிருந்து கேட்டவர் தியோபிலஸ் அப்பாவு. ‘பரட்டை’ என்று அறியப்பட்ட அவர், ஐரோப்பிய மெட்டும் கர்நாடக ராகமும் ஆண்ட வழிபாட்டுக்குள் நாட்டுப்புற மெட்டுகளைக் கொண்டுவந்தார். எல்லாரும் ஒரே உலையில் பொங்கி உண்பதை அவர் தம் இறையியலாகவே வைத்தார். அவரைப் பற்றி நூல் எழுதிய அமெரிக்க இசையியலாளர் சோயி ஷெரினியன், பறைக் கலைஞர்களைப் பற்றி ‘திஸ் இஸ் எ மியூசிக்’ (2011) என்ற ஆவணப்படத்தையும் எடுத்தார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறை பழகுவதைப் பற்றிய ‘சக்தி வைப்ரேஷன்ஸ்’ படமும் அவருடையதே.

இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு “என்னமா அடிக்கிறாங்க” என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் பறையைக் கீழே வைத்தவர்களும் இருக்கிறார்கள். சாவுக்கும் திருவிழாவுக்கும் ஊர் கூப்பிட்டால் போய்த்தான் ஆக வேண்டும், கொடுத்த கூலியை வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற நிலையில், இனி அடிப்பதில்லை என்று முடிவெடுத்த சேரிகள் தமிழகத்தில் பல. அவர்களுக்கு அந்தக் கருவி அடிமைத்தனத்தின் அடையாளம். அதையே உரிமையின் ஒலியாக்கியவர்களும் உண்டு. அலங்காநல்லூரைச் சேர்ந்த வேலு ஆசான் பறைக்காக 2025இல் பத்மஸ்ரீ பெற்றார்.

இரு தரப்பும் சொல்வதில் ஒரு பொதுவான இடம் இருக்கிறது. மனம் உவந்து தருவதுதான் காணிக்கை. தர மறுக்க முடியாதவனிடம் வாங்கியதைச் சாமிக்குப் படைக்க முடியாது. கடமை என்று அதட்டி வாங்கிய கொட்டு எத்தனை தாளக்கட்டோடு இருந்தாலும் வழிபாட்டில் சேராது. சக்தி குழுப் பெண்கள் தாங்களாகவே முன்வந்து பறையைத் தீயில் காய்ச்சித் தோளில் மாட்டும்போது, அது எந்தச் சந்நிதிக்கும் போகத் தகுதி பெற்றதாகிவிடுகிறது.

ஆகவே அடுத்த பறைப் படத்தைப் பார்த்துவிட்டு வரும்போது, அடி எப்படி என்பதோடு இன்னும் இரண்டையும் கேட்கலாம். அடித்தவர் வேண்டாமென்று சொல்லியிருக்க முடியுமா? சம்மதித்து வந்தால், நம் ஊர்த் திருவிழா நோட்டீஸில் நாகசுர வித்துவானின் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரும் அதே எழுத்தளவில் வருமா? இரண்டாவது கேள்விக்கு, வரும் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடிக்கும்போதே விழாக் கமிட்டிகள் பதில் சொல்லிவிடலாம்.