நாக்கு கேட்கிறதா, நரம்பு கேட்கிறதா

நல்ல காரமான சுருட்டு ஒன்றின் முதல் சில இழுப்புகளில் ருசி என்று பெரிதாக எதுவும் தெரியாது. நாக்கு நுனியில் மிளகின் சுருக், உதட்டோரம் லேசான எரிச்சல், அவ்வளவுதான். அவசரக்காரர்கள் அத்தோடு முகம் சுளித்துக் கீழே வைத்துவிடுவார்கள். புகையை நெஞ்சுக்குள் இறக்காமல் வாயிலேயே சற்று நிறுத்தி, அதில் கொஞ்சத்தை மூக்கு வழியாக விட்டுப் பழகியவருக்குத்தான் மற்றவை ஒவ்வொன்றாகத் தெரியவரும். தேவதாரு மரச் சீவல், பழைய தோல் பை, கருக வறுத்த காபிக்கொட்டை, ஈரமண். மூக்கில் விடும் அந்த நொடியில் கண்ணில் நீர் கோக்கும். வரமிளகாய் தாளிக்கும் அடுப்படியில் நின்றால் வருமே, அதே நீர்.

மிளகாயும் புகையிலையும் உறவுக்காரச் செடிகள். கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் அந்த ஒரே குடும்பம்தான். இரண்டுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியரின் கப்பலில் நம் கரைக்கு வந்தவை. மிளகாயின் காப்சைசினும் புகையிலையின் நிக்கோட்டினும் வேறு வேறு பொருள்கள் என்றாலும், செடிக்கு இரண்டாலும் ஆகவேண்டிய காரியம் ஒன்றே: தின்ன வருவதை விரட்டுவது. நிக்கோட்டினை ஒரு காலத்தில் பூச்சிமருந்தாகவே விற்றார்கள். காரத்தை நாம் அறுசுவையில் சேர்த்திருக்கிறோம். உடலைக் கேட்டால் அது சுவையே அல்ல, வலி நரம்பு போடும் கூச்சல்.

அந்தக் கூச்சலை மனிதன் ஏன் தேடிப்போகிறான்? அமெரிக்க உளவியலாளர் பால் ரோசின் இதைக் கேட்டுக்கொண்டு மெக்சிகோ கிராமம் ஒன்றுக்குப் போனார். மிளகாய் கலந்த மிச்சம்மீதியைத் தின்றே வளர்ந்த அந்த ஊர் நாய்களும் பன்றிகளும்கூட, காரமுள்ளதும் இல்லாததும் சேர்த்து வைக்கப்பட்டபோது காரமில்லாததைத்தான் விரும்பின. அங்கே காரத்தை விரும்பக் கற்றுக்கொண்டது மனிதன்தான். உடல் ஆபத்து என்று அலறுகிறது, மனதுக்கு ஆபத்தில்லை என்று தெரிந்திருக்கிறது, இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு குஷி பிறக்கிறது என்பது ரோசினின் விளக்கம். ராட்டினத்தில் ஏறுவதும் பேய்ப்படம் பார்ப்பதும் அவருக்கு இதே கணக்குதான்.

மிளகாய்க்கு இது சரி. சுருட்டுக்கு ஒப்பவில்லை. மிளகாய் விஷயத்தில் உடல் போடுவது வீண் கூச்சல். சுருட்டு விஷயத்தில் உடல் சொல்வது உண்மை. வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் என்று சுருட்டுப் புகை புற்றுநோய் கொண்டுவரும் இடங்களின் பட்டியல் சிறியதல்ல. “நான் உள்ளே இழுப்பதில்லை” என்று சுருட்டுப் பிரியர்கள் சொல்லும் சமாதானமும் பாதிதான் நிற்கும். சிகரெட் புகை அமிலத்தன்மை கொண்டது. அதிலுள்ள நிக்கோட்டின் இரத்தத்தில் சேர நுரையீரல் வேண்டும். சுருட்டுப் புகை காரத்தன்மை கொண்டது. கன்னத்தின் உட்தோலே அதற்குப் போதும். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கலாம். ஆகவே நாய்களும் பன்றிகளும் நம்மைவிட விவேகிகள் என்று ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

இதையெல்லாம் தெரிந்தே நான் எப்போதாவது ஒன்றைப் பற்றவைக்கிறேன். என்னை இழுப்பது அந்த இலையின் பின்னாலிருக்கும் வேலை. செடியின் உச்சியில் வெயிலை நேராக வாங்கும் இலைகளுக்கு லிகெரோ என்று பெயர். தடிமனும் எண்ணெய்ப் பசையும் வீரியமும் அவற்றில்தான். நடு இலைகளான செக்கோ மணம் தரும். அடி இலைகளான வொலாடோ நன்றாக எரியும். லிகெரோ லேசில் பற்றாது என்பதால் சுருட்டுபவர் அதை நட்டநடுவில் வைத்து மற்ற இலைகளால் அணைகட்டுவார். பறித்து உலர்த்திய இலையைக் குவியல் குவியலாக அடுக்கிப் புழுங்க விடுவார்கள். குவியல் தானாகச் சூடேறும். அம்மோனியா நெடி கிளம்பும். சூடு மிஞ்சும் முன் குவியலைப் பிரித்து, உள்ளிருந்ததை வெளியிலும் வெளியிலிருந்ததை உள்ளுக்கும் மாற்றி அடுக்க வேண்டும். வீரியமான இலைக்குப் புழுக்கமும் அதிக காலம். இதில் அவசரப்பட்ட சுருட்டு நாக்கில் உடனே காட்டிக்கொடுத்துவிடும்: காரம் இருக்கும், கூடவே பச்சை நெடியும் இருக்கும்.

கியூபாவின் பினார் தெல் ரியோ இலைக்குப் பேர் அதிகம். புரட்சிக்குப் பின் வெளியேறிய கியூபக்காரர்கள் விதையோடு போய் இறங்கிய நிகராகுவாவின் எஸ்தெலிப் பக்கத்து இலைக்குக் காரம் அதிகம். காரம் என்றால் வீரியம் என்று பலர் கலந்து பேசுகிறார்கள். நாக்கைச் சுடும் காரம் வேறு, வாய் நிறைய நிற்கும் புகையின் கனம் வேறு, தலைக்கு ஏறும் வீரியம் வேறு. சாதுவாக இருந்துவிட்டுத் திடீரென்று நெற்றியில் வியர்வை கொட்டவைக்கும் சுருட்டும் உண்டு. அப்போது ஒரு சிட்டிகைச் சர்க்கரையை வாயில் போட்டுக்கொள்வது புகைப்பவர்களின் கைவைத்தியம்.

திண்டுக்கல், திருச்சிச் சுருட்டுகளுக்கும் ஒரு காலத்தில் லண்டன் வரை மவுசு இருந்தது. ஷெர்லாக் ஹோம்ஸ் 1887இல் வெளிவந்த தன் முதல் கதையிலேயே சாம்பலைப் பார்த்து இது திருச்சிச் சுருட்டு என்கிறார். அவற்றைச் சுருட்டிய ஊர்களின் பெரியவர்கள் தேவதாரு, தோல் பை என்றெல்லாம் பேசியதில்லை. வயலிலிருந்து வந்து திண்ணையில் உட்கார்ந்து நான்கு இழுப்பு இழுப்பார்கள். பாதியில் அணைத்து இறவாரத்தில் செருகிவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். ரசிகர் என்று யாரும் அவர்களைச் சொல்லமாட்டார்கள். ஆனால் பாதியில் நிறுத்தத் தெரிந்திருந்தது. ரசனை தெரிந்தவர்கள் என்று பேர் வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு அது வாய்த்தது?

ஃப்ராய்டுக்கு வாய்க்கவில்லை. நாளுக்கு இருபது சுருட்டு வரை பிடித்தவர். 1923இல் மேல்தாடையில் புற்று கண்டது. முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள்; தாடையின் ஒரு பகுதியை எடுத்துவிட்டுச் செயற்கைத் தாடை பொருத்தினார்கள். அதற்குப் பிறகும் புகைத்தார். மனித மனம் தன்னையே ஏமாற்றிக்கொள்ளும் வழிகளை அவரளவுக்கு நோண்டிப் பார்த்தவர் இல்லை. சுருட்டு இல்லாமல் தனக்கு வேலை ஓடாது என்று அவரே நம்பினார். 1939இல் இறக்கும்வரை அந்தப் புற்று அவரை விடவில்லை. அமெரிக்க அதிபர் கென்னடியின் கதை இத்தனை இருண்டதல்ல. 1962இல் கியூபப் பொருள்களுக்குத் தடை போட்ட கையோடு அல்ல, அதற்கு முன்பாகவே, தன் செய்திச் செயலர் பியர் சாலிஞ்சரை அனுப்பி 1,200 கியூபச் சுருட்டுகளை வாங்கி வரச்செய்தார். சுருட்டு கைக்கு வந்தபிறகுதான் கையெழுத்து. சாலிஞ்சரே பின்னால் எழுதியிருக்கிறார். சட்டம் எல்லோருக்கும்தான், ஆனால் முதலில் பெட்டி நிரம்ப வேண்டும்.

ரசனை எங்கே முடிந்து பழக்கம் எங்கே தொடங்குகிறது என்று எனக்கு நானே ஒரு சோதனை வைத்திருக்கிறேன். சுருட்டின் கடைசி மூன்றில் ஒரு பங்குதான் அந்தச் சோதனை. அங்கே வரும்போது முன்னால் எரிந்ததன் கசடெல்லாம் அடியில் சேர்ந்திருக்கும். புகை சூடேறும், தோலும் மண்ணும் காபியும் போய்க் கசப்பும் வீரியமும் மட்டும் மிஞ்சும். நாக்கு கடையைச் சாத்திவிடும். அதன்பிறகும் கை வாய்க்குப் போகிறதென்றால் அங்கே கேட்பது நாக்கு அல்ல. “இவ்வளவு காசு கொடுத்து வாங்கியது” என்று ஒரு குரல் வரும். அதுவும் நரம்பு கற்றுக்கொண்ட சாமர்த்தியம்தான்.

கப்பலில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற மூத்த நண்பர் ஒருவர் இருக்கிறார். எனக்கு இதில் நாக்கு பழக்கியவர். அவர் விரல் சுடும்வரை விடமாட்டார். என் சோதனையை அவரிடம் விளக்கமாகச் சொன்னேன். கடைசியில் உங்களுக்கு அப்படி என்னண்ணே ருசி தெரிகிறது என்றும் கேட்டேன்.

“ருசியா? அது போயி கால் மணி நேரமாச்சு தம்பி. கைதான் வைக்கமாட்டேங்குது” என்றார்.

நான் என்னுடையதைச் சாம்பல் கிண்ணத்தில் வைத்தேன். இன்னும் இரண்டு அங்குலம் இருந்தது. எச்சிலாவது ஒன்றாவது என்று அதையும் அவரே எடுத்துக்கொண்டார்.