சங்கிலி வழிபாடாகுமா?
2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்காவை ஒட்டிய மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டுண்டு ஓட வழியின்றி 28 மனநோயாளிகள் மாண்டார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. நம்பிக்கையில் சட்டம் தலையிடலாமா என்று கேட்கிறார்கள். சங்கிலி நம்பிக்கையின் அங்கம்தானா என்பதே என் கேள்வி. பெங்களூரு நிமான்ஸ் மனநல நிறுவன மருத்துவர்கள் தமிழ்நாட்டின் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரைக் கவனித்து 2002இல் ஆய்வு வெளியிட்டார்கள். அங்கே தனிச் சடங்கு எதுவும் இல்லை. அரவணைப்பான சூழலிலேயே நோயின் கடுமை ஏறத்தாழ 20 சதவீதம் தணிந்திருந்தது. சிறிய ஆய்வுதான், ஒப்பிட வேறு குழுவும் இல்லை. ஆனாலும் கோயிலின் பலம் எதில் இருக்கிறது என்பதை அது காட்டுகிறது.

குமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டாருக்கு மனிதரை அரவணைக்கும் வழிபாடு புதிதல்ல. அய்யாவழியினரின் சாமித்தோப்புப் பதியில் தலைப்பாகையோடு வணங்குபவர் எதிரே இருப்பது கண்ணாடி. அதில் தெரிவது அவர் முகமே. மனிதனுக்குள் இறைவனைக் காணும் வழிபாடு அவன் காலில் விலங்கு பூட்டச் சம்மதிக்காது. அப்படியானால், வெறி மிகுந்த நோயாளியை வைத்துக்கொண்டு குடும்பம் என்ன செய்யும்? அவர்கள் தவிப்பு உண்மையானது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவைப்படும் நேரம் மட்டும், மனநல நிலையத்தில் கட்டுப்படுத்தச் சட்டமே இடம் தருகிறது. அதே சட்டப்படி அமையும் மாநில மனநல ஆணையத்தில் மருத்துவர், உளவியலாளர், செவிலியர், சமூகப் பணியாளர் ஆகியோருக்கு இருக்கை உண்டு. நம் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில் தினமும் கேட்கும் வேதனைகள் அந்த மேசைக்குப் போய்ச் சேர வேண்டும்.