படுக்கையருகே பகுத்தறிவாளன்

“சாகிற நேரத்தில் சங்கரா என்று கூவுகிறானா இல்லையா, பார்!”

நம்மைப் பரிகசிப்போர் கடைசியாக எடுத்து வீசும் அம்பு இது. மேடையிலே மறுக்கலாம், ஏட்டிலே எதிர்க்கலாம். எமன் வாயிலில் வந்து நிற்கும்போது என்ன செய்வாய் என்று கேட்கிறார்கள்.

இதற்கு விடை கூறுவது எளிது. 1776-ஆம் ஆண்டு, எடின்பரோ நகரில், டேவிட் ஹியூம் என்னும் தத்துவப் பேரறிஞர் தீராத நோயால் உடல் மெலிந்து கிடந்தார். மறுமையை மறுத்த அந்த மனிதர் மரணத்தின் பிடியில் மனம் மாறுவாரா என்று அறிய ஆவல் கொண்டு, ஜூலை 7-ஆம் நாள் பாஸ்வெல் என்னும் எழுத்தாளர் அவரைக் காணச் சென்றார். ஹியூம் மாறவில்லை, சிரித்த முகத்தோடு பேசிக்கொண்டிருந்தார். கலங்கியவர் யார் தெரியுமா? பார்க்கப் போன பாஸ்வெல்! ஆகஸ்ட் 25-இல் ஹியூம் அமைதியாக மறைந்தார். அந்த அமைதியை உள்ளபடி எழுதியதற்காக அவருடைய நண்பர் ஆடம் ஸ்மித் வாங்கிய வசவு கொஞ்சமன்று. ஒருவன் அஞ்சாமல் செத்ததைக்கூடச் சிலரால் பொறுக்க முடியவில்லை!

ஆனால் தோழர்களே, இந்த விடையோடு நாம் நின்றுவிடுகிறோமே, அதுதான் என் கவலை. நம்முடைய சாவைப் பற்றிய கேள்விக்கு ஹியூம் போதும். பிறருடைய சாவைப் பற்றிய கேள்விக்கு? கடவுளை நம்பும் ஒருவர் நம் கண் முன்னே கிடந்து, நம் கையைப் பற்றிக்கொண்டு சாகும்போது நாம் என்ன செய்ய வேண்டும்?

என் அப்பாயியைப் பற்றிச் சொல்கிறேன். வெற்றிலையோடு புகையிலையும் அடக்கிப் பழகிய வாய். கன்னத்தின் உட்புறம் புண், புண் புற்றாயிற்று. ‘இனி வீட்டிலே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று மருத்துவர் அனுப்பிவிட்டார். பகலெல்லாம் நான் பள்ளியில். இரவில் அவள் கட்டிலருகே. ஒருநாள் நலம் விசாரிக்க வந்த ஒருவர், “எல்லாம் முற்பிறப்பில் செய்த வினை” என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறுதல் சொல்ல வந்தவர் தீர்ப்புக் கூறிவிட்டுப் போனார்! அன்றிரவு அப்பாயி கேட்டாள்: “நான் யாருக்கு என்னடா தம்பி கெடுதல் செஞ்சேன்?”

எனக்குச் சினம் பொங்கிற்று. வினையுமில்லை, விதியுமில்லை, எல்லாம் புகையிலையால் வந்தது என்று விளக்கினேன். அறிவியல் பிழையில்லை. ஆனால் நான் செய்தது என்ன? வினை இருந்த இடத்தில் புகையிலையை வைத்தேன். குற்றவாளிக் கூண்டிலிருந்து அவளை இறக்கிவிடவில்லை. அவள் கேட்டது நோயின் காரணமன்று. ‘நான் கெட்டவளா’ என்பதே. ‘இல்லை அப்பாயி, நீ நல்லவள்’ என்று சொல்ல எந்த மூடநம்பிக்கை தேவை?

இன்னோர் இரவு, மாடத்திலிருந்த திருநீற்றை எடுத்து நெற்றியில் இடச் சொன்னாள். கை தூக்க வலுவில்லை அவளுக்கு. கல்லூரியில் கால் வைத்த நாளிலேயே நெற்றியைத் துடைத்துக்கொண்டவன் நான். அதை அவளும் அறிவாள். “காலையில் அத்தை வந்து இடுவாங்க” என்றேன். கொள்கையைக் காத்துவிட்டதாக ஓர் எண்ணம்! அதன் பிறகு பதினொரு நாள் உயிரோடிருந்தாள். என்னிடம் திருநீறு கேட்கவில்லை. வேறு எதுவும் கேட்கவில்லை.

அவள் கேட்டது என் கையை. நான் காத்தது என் நெற்றியை. இந்த வேறுபாடு எனக்குப் புலப்பட நாளாயிற்று.

சிசிலி சாண்டர்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணியைப் பற்றிப் படித்தபோதுதான் தெளிவு பிறந்தது. செவிலியாக, சமூகப் பணியாளராக, பின்னர் மருத்துவராக விளங்கியவர். 1948-இல் இலண்டன் மருத்துவமனையொன்றில், வார்சாவிலிருந்து வந்த டேவிட் டாஸ்மா என்னும் யூதர் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார், உற்றாரற்றவர். ஆறுதலாக ஏதேனும் சொல்லுமாறு கேட்டார். ஆழ்ந்த கிறித்தவரான சாண்டர்ஸ், மனப்பாடமான வேதப் பாடல்களைச் சொன்னார். இன்னும் படிக்கட்டுமா என்றார். வேண்டாம், உங்கள் அறிவிலும் நெஞ்சிலும் இருப்பதே எனக்கு வேண்டும் என்ற பொருள்படக் கூறினாராம் டாஸ்மா. தம்மிடமிருந்த 500 பவுனை, சாண்டர்ஸ் கட்டப்போகும் இல்லத்தில் ஒரு சாளரமாக இருக்கட்டும் என்று விட்டுச் சென்றார். 1967-இல் இலண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம் எழுந்தது. சாவோரைப் பேணும் இக்காலக் காப்பகங்களுக்கெல்லாம் அதுவே முன்மாதிரி.

வலி என்பது ஒன்றன்று, நான்கு என்றார் சாண்டர்ஸ். உடல் வலி, உள்ளத்தின் வலி, குடும்பமும் பணமும் பற்றிய வலி, நான்காவதாக ஒன்று. அதை ‘ஆன்மிக’ வலி என்று மொழிபெயர்த்த உடனே நம் இளைஞர் முகம் சுளிக்கிறார். பெயரை விடுங்கள், பொருளைப் பாருங்கள். நான் வாழ்ந்ததற்குப் பயன் உண்டா? நான் செய்த தவற்றை மன்னிப்பார்களா? என்னை மறந்துவிடுவார்களா? இவை கோயிலின் கேள்விகளா? மனிதனின் கேள்விகள்! நாம் அந்த நாற்காலியைக் காலியாக விட்டுவிட்டுப் புரோகிதன் வந்து அமர்ந்துவிட்டான் என்று புலம்புகிறோம். நெதர்லாந்து நாட்டில் மதம் சாராத மானுட நெறி ஆலோசகர்கள், பாதிரிமாருக்கு இணையாக மருத்துவமனைகளில் பணியாற்றுகின்றனர். அவர்களைப் பயிற்றுவிக்க உட்ரெக்ட் நகரில் 1989-இல் ஒரு பல்கலைக்கழகமே ஏற்பட்டது.

“அப்படியானால் பொய்க்குத் துணை போகச் சொல்கிறாயா?” என்று தோழர்கள் சீறலாம். இல்லை. “செத்த பிறகு எங்கேடா போவேன்? நீ நம்புறியா?” என்று அப்பாயி கேட்டிருந்தால் நம்புகிறேன் என்று நான் சொல்லியிருக்கக் கூடாது, இனி வலி இராது, நாங்கள் உன்னை நினைத்திருப்போம் என்பதே என்னிடமுள்ள உண்மை. தீங்கு பயக்காத சொல்லே வாய்மை என்று வள்ளுவர் வகுத்ததை வகுப்பில் நடத்துகிறேன், வீட்டில் மறந்தேன். ஆறுதல் தரும் நம்பிக்கையோடு மரணப் படுக்கையில் மல்லுக்கு நிற்பது வீரமன்று. அச்சுறுத்தும் நம்பிக்கை வேறு. வினைப்பயன் என்று சொல்ல வந்தவரை வாசலிலேயே நிறுத்தியிருக்க வேண்டும். அங்கேதான் என் பகுத்தறிவுக்கு வேலை இருந்தது.

இதே நீதி நமக்கும் வேண்டும். வாழ்நாளெல்லாம் மறுத்து வாழ்ந்த பெரியவர் நினைவிழந்து கிடக்கையில், மக்கள் திருநீறு பூசி மந்திரம் ஓத வைக்கிறார்களே, அது கொடுமை என்கிறோம். ஏன் கொடுமை? அவர் கேட்கவில்லை என்பதால். அப்பாயி கேட்டாள்.

வேறொன்றும் உண்டு. வலியில் துடிப்பவனுக்குத் தத்துவமும் வேண்டாம், தேவாரமும் வேண்டாம். முதலில் மருந்து வேண்டும். வலி திரும்பி வரும்வரை காத்திராமல் வேளை தவறாது மார்ஃபின் கொடுக்க வேண்டும் என்பது சாண்டர்ஸ் நிலைநாட்டிய முறை. இந்தியாவிலோ 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் அந்த மருந்து நோயாளிக்கு எட்டாக் கனியாயிற்று. 2014-இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்குள் எத்தனை பேர் அலறி மாய்ந்தார்களோ! அந்த இருளிலும் கேரளம் வழி கண்டது. 1993-இல் கோழிக்கோட்டில் இராசகோபால், சுரேஷ்குமார் முதலிய மருத்துவர்கள் தொடங்கிய வலி தணிப்புச் சங்கம், பின்னர் தெருத்தெருவாகத் தொண்டர்களைத் திரட்டிற்று. புண்ணைக் கழுவவும், அரிசி கொண்டு கொடுக்கவும், நோயாளியின் பிள்ளை பள்ளியை விட்டு நின்றுவிடாமல் பார்க்கவும் அக்கம்பக்கத்தாரே பழகினர். அவர்களிலே தொழுவோரும் உண்டு, தொழாதோரும் உண்டு.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். அவர் மனைவி சற்றே கண்ணயரட்டும் என்று சனிக்கிழமை மாலைகளில் நான் போய் அமர்கிறேன். முதலில் செய்தித்தாள் படிக்கச் சொல்வார். பிறகு தலையணைக்கடியிலிருந்து ஒரு பதிகப் புத்தகத்தை எடுப்பார். படிக்கிறேன். “வாத்தியாரே, அந்த இடத்தில் சந்தி பிரித்துப் படியுங்கள், பொருள் கெடுகிறது” என்று திருத்துகிறார்.