கருவியும் கருத்தாவும்

கருவி என்பது பொருள் நிறைந்ததொரு சொல். உழவனுக்குக் கலப்பையும், தச்சனுக்கு உளியும், மாணவனுக்கு எழுதுகோலும் கருவியாம். நம் சித்தாந்த நூல்களோ மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் நான்கினையும் அந்தக்கரணம், அதாவது அகக்கருவி என்று கூறும். ஆயுதம் என்னுஞ் சொல்லும் தொழிற்கருவியையும் கொலைக்கருவியையும் ஒருங்கே குறிக்க வழங்குகின்றது. ஆயுத பூசை நாளிலே அப்புத்தளைச் சாரலிலுள்ள தோட்டங்களிற் கவ்வாத்துக் கத்தியும், மண்வெட்டியும், கொழுந்துக் கூடையும், தொழிற்சாலை இயந்திரமும் சந்தனமுங் குங்குமமும் பெறுகின்றன. கருவியை வணங்கும் வழக்கமுடைய நாம், எக்கருவி வணங்கத்தக்கது, எக்கருவி கையினாலுந் தீண்டத்தகாதது என்பதனை ஆராயக் கடமைப்பட்டுள்ளோம்.

இவ்வாராய்ச்சிக்குக் காரணம் ஒரு சிறுவன் கேட்ட வினாவேயாம். தோட்டப் பாடசாலையொன்றின் ஆசிரியர் எமக்குக் கூறியது இது: கைவேலையிற் கெட்டிக்காரனான மாணவனொருவன் அவரை அணுகி, "ஐயா, வீட்டிலேயே ஒரு துவக்குச் செய்து பூட்டுவதற்கு என்னென்ன ஆயுதங்கள் வேண்டும்?" என்று வினவினான். ஆசிரியர் திடுக்கிட்டு, "எதற்கடா?" என்றார். "எங்கள் மரக்கறித் தோட்டத்தைப் பன்றி உழுதுபோட்டுவிட்டது ஐயா. பாதையிலே கட்டிவிட்டால் அதுவே சுட்டுவிடுமாமே" என்றான் அவன். ஆசிரியர் அவனைக் கண்டித்து அனுப்பிவிட்டார். ஆயினும் தாம் செய்தது போதுமானதா என்னும் ஐயம் அவரை விடவில்லை. போதாது என்பதே எம் கருத்து. ஏன் எனிற் கூறுவாம்.

துவக்குச் செய்யுந் தொழில் இந்நாட்டுக்குப் புதியதன்று. துவக்கு, துப்பாக்கி என்னும் இருசொற்களுந் துருக்கிமொழி வழியாக வந்தவை என்பர். போர்த்துக்கேயர் 1505 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தபின், இங்குள்ள கொல்லர் அக்கலையை விரைவிற் கற்று அதிலே பெருந்திறமை எய்தினர். 1765 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையிலிருந்து கொள்ளையிட்டுச் சென்ற அணிப் பீரங்கியும் பெருந்துவக்குகள் இரண்டும், ஆம்ஸ்டர்டாம் நூதனசாலையிலிருந்து 2023 ஆம் ஆண்டிலேதான் நம் நாட்டுக்கு மீண்டன. பொன்னும் வெள்ளியும் மணியும் இழைத்த அப்பீரங்கியைக் காண்போர் செய்தவன் கைத்திறனை வியவாதிரார். ஆகவே கைத்திறனை இழித்துரைப்பது எம் நோக்கமன்று. அக்கைத்திறன் எதற்கு ஆட்படுகின்றது என்பதே வினா.

சிறுவன் கூறிய கருவி கட்டுத்துவக்கு என வழங்கும். விலங்கு நடக்கும் வழியிலே அது மறைத்துவைக்கப்படும். குறுக்கே கட்டிய கயிற்றை இடறுவது எதுவோ அதன்மேற் குண்டு பாயும். வைத்தவன் அவ்வேளையிலே தன் லயத்தில் நித்திரை செய்துகொண்டிருப்பான். பன்றி இடறினும், விறகு பொறுக்கச் சென்ற தாய் இடறினும், காணாமற்போன கன்றைத் தேடிச் சென்ற பிள்ளை இடறினும் அதற்கு வேறுபாடு இல்லை. இவ்வாறு கால் இழந்தோரும் உயிர் இழந்தோரும் ஊவா மாகாணத்துக் கிராமங்களுக்கும் வைத்தியசாலைகளுக்கும் புதியவரல்லர். கண்ணில்லாப் பொறியின் இயல்பு எங்கும் ஒன்றே. 2020 ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணித் தோட்டமொன்றிலே கம்பிச் சுருக்கில் அகப்பட்ட அரிய கருஞ்சிறுத்தை, மீட்கப்பட்டுச் சில நாட்களில் மாண்டது. அச்சுருக்கினை வைத்தவன் சிறுத்தையைக் கொல்ல எண்ணியிருக்கவும் மாட்டான்.

இனி அச்சிறுவனின் பக்கத்து நியாயத்தையும் மறைத்தல் அறமன்று. கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,400 மீற்றர் மேலே, பனியும் காற்றும் ஓயாத இம்மலையிலே, நாட்கூலி கொண்டு வாழுங் குடும்பத்துக்கு லயத்தின் பின்னுள்ள துண்டு நிலமே வைப்புப்பணம். மாதக்கணக்காக நீர்வார்த்து வளர்த்த கிழங்கும் போஞ்சியும் ஓரிரவில் உழப்பட்டுக் கிடக்கக் காணும் தாய்தந்தையரிடம், "கொல்லாமையே அறம்" என்று மட்டும் கூறி விலகுதல் எளிது. தன் சோற்றுக்குக் குறைவில்லாதவன் பிறன் பசிக்கு எதிரே ஓதும் அறம் செவியில் ஏறாது. ஆகவே நாம் அவ்வினாவினுள்ளே புகுந்து விடைகாணல் வேண்டும்.

"துவக்கைப் பூட்டியது மாத்திரமே யான், கயிற்றை இடறியது அது, சுட்டது பொறி, யான் உறங்கினேன். பாவம் என்னைச் சாருமாறு எங்ஙனம்?" என்பாரும் உளர். இதற்குச் சித்தாந்தம் நேரே விடைபகரும். குடம் ஒன்று தோன்றுதற்கு மண் முதற்காரணம், தண்டசக்கரங்கள் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணன். மண்ணும் சக்கரமும் சடப்பொருள்களாதலின் தாமாகத் தொழிற்படா. அறிவுடைய கருத்தா ஒருவன் அவற்றை இயக்குதல் வேண்டும். இதனை நாம் வகுப்பறையிலே பலகாலும் கற்பிக்கின்றோம். கட்டுத்துவக்கினிடத்தும் அவ்வாறே கொள்க. இரும்பும் மருந்துங் கயிறும் சடம். இடறிய விலங்கோ கொலையை எண்ணியதன்று. எண்ணியவன் ஒருவனே. அவன் எண்ணமே அப்பொறியிலே தங்கி, அவன் உறங்கும்போதும் உறங்காது விழித்திருக்கின்றது.

"ஆயினும் அவன் அவ்விடத்தில் இல்லையே" என்பையேல், அவ்வாதம் பிறருக்குப் பொருந்தினும் சைவனுக்குப் பொருந்தாது. என்னை? சிவஞானபோதத்தின் முதற்சூத்திரம் நமக்கு நிறுவுவது யாது? காணப்படும் உலகு தோன்றி நின்று ஒடுங்குதலுடைமையின், அதனைத் தொழிற்படுத்தும் கருத்தா ஒருவன் உளன் என்பதன்றோ? கண்ணுக்குப் புலனாகாமையின் இறைவன் இல்லை என்பாரை மறுத்து, செய்பொருளைக் கொண்டு செய்தவனைத் துணிகின்ற நாம், நம் செயலுக்கு மாத்திரம், "செய்தவன் அங்கே காணப்படவில்லை; ஆதலின் செய்தவன் இல்லை" என்று கூறுவது எவ்வாறு? புலப்படாத கருத்தாவும் கருத்தாவே. கட்டுத்துவக்கு வைத்தவன் மறைவானேயன்றி இல்லாமற்போகான்.

இனிக் கண்ணப்ப நாயனாரை எடுத்துக்காட்டி, "அவரும் பன்றியைக் கொன்றவரன்றோ?" என்று மாணவர் கேட்பர். அவ்வினாவுக்கு அஞ்சவேண்டுவதில்லை. திண்ணனார் வேட்டுவர் குலத்துதித்து, அக்குலத்தொழிலில் நின்றவர். முதல்வேட்டையிலே தப்பி ஓடிய பன்றியை நாணனும் காடனும் பின்தொடர நெடுந்தூரம் ஓடித் துரத்தி, எதிர்நின்று வீழ்த்தினார். தாம் கொல்வது இன்னது என்று அவர் கண்டார். தம் உடலையும் அவ்விடர்க்கு உட்படுத்தினார். அப்பன்றியே அவரைக் காளத்திமலைக்கு இட்டுச்சென்றது. அங்கே இறைவன் திருக்கண்ணிற் குருதி பெருகக் கண்டபோது, விலங்குகளைக் கொன்றுவந்த அதே அம்பினைத் தம் கண்ணின்மேற் செலுத்தினார். கருவி மாறவில்லை, கருத்து மாறிற்று. கொலைக்கருவி அன்பின் கருவியாயிற்று. இச்சரிதத்தை வேட்டைக்கு அனுமதிச்சீட்டாகக் கொள்வார் அதன் பாதியையே படித்தவராவர்.

திரிபுரதகனமும் இதனையே வேறொருவகையாற் புலப்படுத்தும். தேவர்கள் நிலத்தைத் தேராகவும், வேதங்களைக் குதிரைகளாகவும், மேருவை வில்லாகவும், வாசுகியை நாணாகவும், திருமாலை அம்பாகவும் கூட்டினர். உலகிலே அதனினும் பெரிய படைக்கலக் கூட்டு இல்லை. தம் துணையின்றி வெற்றியில்லை என்று அவர்கள் செருக்கினர். இறைவனோ நகைத்தான், முப்புரமும் எரிந்தன. அம்முப்புரத்தை ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலம் என்றே திருமூலர் கொள்வர். வெளிக்கருவிகளை எண்ணியெண்ணிக் கூட்டுவோன் எரிக்கவேண்டிய புரம் தன்னுள்ளே இருப்பதனை மறக்கின்றான்.

மாணவன் கேட்ட கருவிப் பட்டியலுக்கு நாம் தரும் விடை ஈண்டுக் கிடைக்கின்றது. அகக்கருவிகள் நான்கும் ஒன்றுசேராமல் எவனும் புறக்கருவியைத் தொடுவதில்லை. மனம் பற்றுகின்றது, புத்தி வழியை நிச்சயிக்கின்றது, அகங்காரம் "யானே செய்வேன்" என்று எழுகின்றது, சித்தம் அதனையே இடைவிடாது சிந்திக்கின்றது. துவக்கு முதலிற் பூட்டப்படுவது இவ்விடத்திலேதான். சட்டமும் காவலும் புறத்தே நிற்பன. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலச் சட்டம் அனுமதியின்றித் துவக்குச் செய்தலையும் வைத்திருத்தலையுங் குற்றமாக்கியுள்ளது. இதனை மாணவர் அறிதல் வேண்டும். ஆயினும் சட்டம் மாத்திரம் போதாது என்பதற்கு யப்பான் சான்று. துவக்குச் சட்டம் மிகக் கடுமையான அந்நாட்டிலே, 2022 ஆம் ஆண்டு யூலை 8 ஆம் நாள், முன்னாட் பிரதமர் சின்சோ அபே நாரா நகரத்திற் கையாற் செய்த துவக்கினாலேயே கொல்லப்பட்டார். புறத்தே எல்லாக் காவலும் இருந்தும், ஒருவனுடைய அகத்தே காவல் இருக்கவில்லை.

நம் மலையடிவாரமும் இதனை அறியும். 1971 ஆம் ஆண்டு ஏப்பிரல் 5 ஆம் நாள் வெல்லவாயாப் பொலிசு நிலையத்தின்மீது நிகழ்ந்த தாக்குதலோடு தொடங்கிய கிளர்ச்சியிலே, வீட்டிற் செய்த குண்டுகளையும் வேட்டைத் துவக்குகளையும் ஏந்திய இளைஞர் ஆயிரக்கணக்கில் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் பாடசாலையை விட்டுச் சில ஆண்டுகளே ஆனவர்கள். எதனைக் கொண்டு செய்வது என்பதை அவர்களுக்குக் கற்பிக்க ஆட்கள் இருந்தனர். எதன்பொருட்டு, யார்மீது, யார் அழ என்பவற்றை உடனிருந்து ஆராய்தற்கு வேண்டிய ஆசிரியர் போதிய அளவில் இருந்தனரா?

ஆசிரியர்களே! அச்சிறுவன் மீண்டும் வருவானாயின் அவனைத் துரத்தற்க. துரத்தப்பட்ட வினா தன் விடையை வேறிடத்திலே தேடும். இக்காலத்தில் அது கைப்பேசியிலேயே காத்திருக்கின்றது. அவனைப் பக்கத்தில் இருத்துக. "அந்தப் பாதையிலே அதிகாலையில் யார் யார் நடப்பார்கள்? பெயர் சொல்லு" என்று கேட்க. அவன் தன் தாயின் பெயரைச் சொல்லுமுன்னே விடையை உணர்வான். பின்னர் அவன் கைத்திறனுக்கு வேலை கொடுக்க. வேலி அடைத்தல், தகரங் கட்டி ஒலியெழுப்பல், பரண் அமைத்தல், விளக்கு வைத்தல் ஆகிய இவற்றிற்கும் கருவி வேண்டும், அறிவும் வேண்டும். ஒரு லயத்தார் முறைவைத்து இரவிற் காவல் செய்தற்கு மாணவர் சங்கமும் கோயிற் சபையும் முன்னிற்கலாம். பயிரழிவைத் தோட்ட நிருவாகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் எழுதி அறிவிக்க எழுத்தறிவில்லாத பெற்றோருக்கு ஆசிரியரே துணைநிற்கலாம். இவை சிறிய காரியங்கள். ஆயினும் கொல்லாமையைப் பசித்தவன் வீட்டு முற்றம்வரை கொண்டுசெல்லுங் காரியங்கள்.

ஊவாவிலேயே கதிர்காமத்தில் எழுந்தருளிய முருகப்பெருமான் திருக்கரத்து வேலினை ஞானசத்தி என்று நாம் போற்றுகின்றோம். படைக்கல வடிவாயினும் அறிவே அதன் பொருள். அவ்வறிவு முன்னிற்பின் கையிலுள்ள கவ்வாத்துக் கத்தியும் பூசைக்குரியது. அது பின்னிடுமாயின் எழுதுகோலும் கொலைக்கருவியாம். வருகின்ற ஆயுத பூசை நாளிலே நம் மாணவர் தம் கருவிகளை அடுக்கிவைக்கும்போது, "இதனால் இவ்வாண்டு யாருக்கு நன்மை செய்தாய்?" என்று ஒவ்வொருவரையும் கேட்போமாக. அவ்வினாவுக்கு விடைகூறப் பழகிய பிள்ளை, துவக்குக்கு வேண்டுங் கருவிகளைத் தேடிச் செல்லான்.

திருச்சிற்றம்பலம்.